கோஸ்டா ரிக்கா போகிறவர்களுக்கு: சாப்பாட்டு நேரத்தைக் கடலும் மழையும் முடிவு செய்யட்டும்

குடும்பத்தோடு மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவுக்குப் போக நினைக்கும் நண்பர்கள் தங்கள் பயண அட்டவணையை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். பெரும்பாலும் எல்லாமே ஒரே அச்சு. எட்டரைக்குக் காலை உணவு, பத்து மணிக்குக் காடு, ஒரு மணிக்கு மதிய உணவு, மூன்று மணிக்குக் கடற்கரை, எட்டு மணிக்கு ஏதோ ஒரு நல்ல உணவகம். அதைப் பார்த்ததும் எனக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. அந்த நாட்டில் அந்த நேரங்கள் ஒவ்வொன்றும் தவறானவை. காடு ஓய்ந்துபோன பிறகு காட்டுக்குள் நுழைவார்கள். மழை இறங்கும் நேரத்தில் கடற்கரையில் நிற்பார்கள். பிள்ளைகள் தூங்கி வழியும் நேரத்தில் மேசைக்கு உணவு வரும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: பார்க்க வேண்டிய இடங்களையும் சாப்பாட்டையும் தனித்தனிப் பட்டியலாகப் போடாதீர்கள். வெளிச்சம், மழை, கடலின் ஏற்ற வற்றம் ஆகிய மூன்றையும் முதலில் தாளில் குறியுங்கள். எங்கே, எப்போது, எவ்வளவு சாப்பிடுவது என்பது அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கும் நாடு அது. ஆண்டின் எந்த மாதத்திலும் காலை ஆறு மணிக்குள் விடிந்துவிடும், மாலை ஆறரைக்குள் இருட்டிவிடும். கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் ஊர்களிலிருந்து போகிறவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். நீங்கள் அலாரம் வைக்காவிட்டாலும் ஊளைக் குரங்குகள் விடியற்காலையில் எழுப்பிவிடும். எழுந்துவிடுங்கள். விடிந்ததிலிருந்து முதல் மூன்று நான்கு மணி நேரம்தான் மழைக்காட்டின் சிறந்த நேரம்: பறவைகள் இரை தேடும், வெயில் ஏறியிருக்காது, வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அந்த நேரத்தை விடுதியின் காலை உணவு மேசைக்குத் தாரைவார்ப்பது எனக்கு ஒப்பாத காரியம். ஒரு வாழைப்பழமும் ரொட்டித் துண்டும் ஒரு வாய் காப்பியும் போதும். நடந்து திரும்பி, பத்து மணிக்குப் பசியோடு உட்காருங்கள். அரிசிச் சோறும் கறுப்பு பீன்ஸ் பயறும் சேர்த்துப் புரட்டிய காயோ பிந்தோ அப்போது எவ்வளவு ருசிக்கும் என்பதைச் சாப்பிட்டவர்களைக் கேளுங்கள். பக்கத்தில் முட்டையோ வாழைக்காய் வறுவலோ இருக்கும். நான்கு மணி நேரம் தாங்கும் உணவு அது.

மனுவேல் அந்தோனியோ தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1972-இல் பாதுகாக்கப்பட்ட பகுதி. மழைக்காடு நேராக வெண்மணல் கடற்கரையில் வந்து முடியும் இடம். காடும் கடலும் ஒரே காலைக்குள் கிடைப்பதால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். டிக்கெட்டை இணையத்தில், நுழைவு நேரத்தோடு முன்கூட்டியே வாங்க வேண்டும். வாயிலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து வருகிறவர்களிடம் இடைத்தரகர்கள் புகுந்து விளையாடுகிறார்கள். உள்ளே வெளி உணவு கொண்டுபோக அனுமதி இல்லை. பையைத் திறந்து பார்ப்பார்கள். பொட்டலம் கட்டிக்கொண்டுபோய் மர நிழலில் உண்ணும் ஆசையை இந்த ஒரு நாளுக்கு மூட்டை கட்டி வையுங்கள்.

இந்தத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அங்கே இருக்கும் வெண்முகக் கபுச்சின் குரங்குகள் மனிதர்களின் பைக்குள் கைவிட்டே வளர்ந்தவை. நாம் கொடுக்கும் பிஸ்கட்டும் சிப்ஸும் அவற்றின் பல்லையும் வயிற்றையும் கெடுக்கின்றன. கூட்டத்துக்குள் சண்டையை மூட்டுகின்றன. கையிலிருந்து உணவு வாங்கிப் பழகிய குரங்கு, கொடுக்காத குழந்தையைக் கடிக்கும். புகைப்படத்துக்காக ஒரு பழத்துண்டை நீட்டுகிறவர்கள் தங்களை விலங்குகளின் நண்பர் என்று எண்ணிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழிகாட்டிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். உணவில் மிச்சம் பிடித்தாவது ஒரு காலைக்கேனும் வழிகாட்டியை அமர்த்துங்கள். இலைக்கொத்தோடு கொத்தாக அசையாமல் தொங்கும் ஸ்லாத் என்ற விலங்கைப் பழகாத கண் காணவே காணாது. வழிகாட்டி முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, மூன்று விரல் நகத்தைக் கூடக் காட்டுவார். தெற்கே கோர்கொவாதோ காட்டுக்குள் 2014 முதல் வழிகாட்டி இல்லாமல் நுழையவே முடியாது.

இனி மதியம். நாளின் பெரிய உணவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதைச் சோடா என்று அழைக்கப்படும் சிறு சாப்பாட்டுக் கடைகளில் உண்ணுங்கள். கசாடோ கேட்டால் ஒரே தட்டில் சோறு, பீன்ஸ், காய்கறிக் கலவை, பழுத்த வாழைக்காய் வறுவல், கூடவே மீனோ கோழியோ வரும். சோறும் பயறும் பழகிய நம் வயிற்றுக்கு இதைவிட இதமான வெளிநாட்டு உணவு அரிது. சைவம் சாப்பிடுகிறவர்கள் இறைச்சி வேண்டாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், கோழி வேண்டாம், மீன் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். கடற்கரையைப் பார்த்த பெரிய உணவகங்களில் 13 விழுக்காடு வரியும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் பில்லிலேயே சேர்ந்திருக்கும். அது தெரியாமல் மேலும் டிப்ஸ் வைப்பவர்கள் உண்டு.

சமையலறையோடு கூடிய தங்குமிடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் வார இறுதியில் உழவர் சந்தை கூடும். பப்பாளி, மாம்பழம், ரம்புட்டான், உலகத்துக்கே ஏற்றுமதியாகும் அன்னாசி எல்லாம் அங்கே குவிந்திருக்கும். காலைக்கும் இரவுக்கும் எளிய உணவு அறையிலேயே முடிந்துவிட்டால், மாலை முழுக்க உங்களுடையது.

பசிபிக் கரையில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மற்ற மாதங்களில் பகல் ஒன்று, இரண்டு மணிக்கு மேல் மேகம் திரண்டு கொட்டும். அந்த நேரத்துக்கு எந்தச் சுற்றுலாவுக்கும் பணம் கட்டாதீர்கள். கூரைக்கடியில் இருங்கள், தூங்குங்கள், படியுங்கள். பிள்ளைகள் மழையைப் பார்க்கட்டும். மழைக்காட்டுக்குப் போய் மழையைத் தொல்லை என்று திட்டுவது என்ன நியாயம்? வெயில் நாளிலும் நடுப்பகல் கடற்கரைக்கு ஏற்றதல்ல. அந்தப் பகுதியில் உச்சி வெயிலின் புற ஊதாக் குறியீடு மிக ஆபத்தான 11-ஐத் தாண்டுவது சாதாரணம்.

கடலின் ஏற்ற வற்றத்தை மறந்துவிட்டுப் பசிபிக் கரையில் உள்ள உவீத்தா ஊருக்குப் போனால் வருந்துவீர்கள். அங்கே மரினோ பயேனா பூங்காவில் திமிங்கில வால் வடிவத்தில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. கடல் வற்றும்போது மட்டும் அதன் மேல் நடக்கலாம். ஏற்றத்தின்போது தண்ணீருக்கடியில் போய்விடும். பசிபிக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் மூன்று மீட்டர் வரை மாறும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இன்று பத்து மணிக்கு நடந்த இடத்தில் ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் போனால் கடல்தான் இருக்கும். வற்றம் நண்பகலில் விழுந்தால் மதிய உணவைத் தள்ளிப்போடுங்கள். திமிங்கிலம் பார்க்கப் படகில் ஏறும் நாளில் காலையில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். திரும்பி வந்து கசாடோவை ஒரு கை பார்க்கலாம். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பூமியின் தென்பாதியிலிருந்து ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களுக்கிடையிலும் வடபாதியிலிருந்து டிசம்பர் முதல் மார்ச் வரையிலும் அங்கே வருகின்றன.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பல கடற்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி, இழுவையை விட்டு விலகிய பிறகு திரும்புங்கள். ஆற்று முகத்துவாரங்களில் முதலைகள் உண்டு, அங்கே குளிக்கவே வேண்டாம்.

கரீபியன் கரைக்கு வேறு நாட்காட்டி. செப்டம்பரும் அக்டோபரும் அங்கேதான் வெயில் அதிகம். சமையலும் வேறு: 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் பாதை போட ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் லிமோன் பகுதியில் தேங்காய்ப் பாலில் சோறும் பீன்ஸும் சமைக்கிறார்கள். அதன் மணத்துக்கு நாம் அந்நியர் அல்லர்.

அதே கரையில், சாலையே இல்லாமல் படகிலோ சிறு விமானத்திலோ மட்டும் சென்றடையும் தொர்துகேரோ என்ற ஊர் இருக்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சைக் கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். அனுமதி பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும். அடர்நிற உடை அணியுங்கள். கைபேசி, கேமரா, டார்ச் எதற்கும் இடமில்லை. இரவு பத்து மணிச் சுற்று கிடைத்தால் திரும்ப நள்ளிரவு ஆகும். அன்று மாலை பிள்ளைகளைத் தூங்க வையுங்கள், இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், மறுநாள் காலைக்கு எதையும் பதிவு செய்யாதீர்கள்.