அந்த ‘ஒரு ஊழியர்’

எந்த நிறுவனத்திலிருந்து தரவு திருடு போனாலும், வரப்போகும் அறிக்கையை இப்போதெல்லாம் படிக்காமலே சொல்லிவிடலாம். முதல் பத்தியில் ‘அதிநவீன சைபர் தாக்குதல்’. கடைசிப் பத்தியில் ‘உங்கள் தனியுரிமையை மிகவும் மதிக்கிறோம்’. பிறகு விசாரணை என்று ஒன்று வந்தால் அதிநவீனமெல்லாம் கழன்று விழுந்து ‘மனிதத் தவறு’ மட்டும் மிஞ்சும். அந்த மனிதர் பெரும்பாலும் கீழ்ப்படியில் நிற்பவர்.

2017இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் நடந்ததைப் பாருங்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற இணையதள மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே பேட்ச், அதாவது அதை அடைக்கும் திருத்தம், வந்துவிட்டது. 48 மணி நேரத்தில் போடச் சொல்லி உள்ளுக்குள் மெயிலும் போனது. ஆனால் மெயில் பட்டியல் பழசு, போட வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் 76 நாள் ஆற அமர அள்ளினார்கள்.

என் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் வேறு. நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் தரவைப் பிரித்துப் பார்க்க அங்கே ஒரு கருவி இருந்தது. பூட்டி அனுப்பும் தரவைத் திறந்து பார்க்க அதற்கு வேண்டிய டிஜிட்டல் சர்டிஃபிகேட் காலாவதியாகிப் பல மாதம். கருவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, எதையும் பார்க்காமலே. ஜூலை 29 அன்று சர்டிஃபிகேட்டைப் புதுப்பித்தார்கள். அன்றைக்கே திருட்டு கண்ணில் பட்டது! பதவி விலகிய தலைமை அதிகாரி நாடாளுமன்றக் குழு முன்னால் போய், பேட்ச் போடச் சொல்ல வேண்டிய ஒரு நபர் சொல்லவில்லை என்றார். அத்தனை பெரிய நிறுவனம் ஒரே ஒருவரின் தலையில் நின்றதாம். அப்படி நிற்கவிட்டது யார்?

2021இல் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைனின் கதையும் இதே ரகம்தான். வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழைய வைத்திருந்த, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் கணக்கு, அதற்கு ஒரே ஒரு பாஸ்வேர்டு, ஓடிபி மாதிரி இரண்டாவது சோதனை கிடையாது. அதன் வழியே புகுந்து கணினிகளை முடக்கியவர்களுக்கு 44 லட்சம் டாலர் பிணைத்தொகை கொடுத்தார்கள்.

செலவைப் பற்றிப் பேசினால் உடனே ஐபிஎம் நிறுவனத்தின் தரவுக் கசிவு அறிக்கையை நீட்டுவார்கள்: 2024இல் ஒரு கசிவுக்குச் சராசரியாக 48.8 லட்சம் டாலர். சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? யாஹூவை வாங்க வந்த தொலைத்தொடர்பு நிறுவனமான வெரிஸோன், பழைய கசிவுகள் வெளிவந்ததும் 35 கோடி டாலர் குறைத்துத்தான் வாங்கியது. அதாவது, யாஹூவுக்கு அதுவும் பணக்கணக்கோடு போயிற்று. பின்லாந்தின் வாஸ்தமோ அப்படி இல்லை. அது மனநல சிகிச்சை நிறுவனம். 2020இல் திருடன் நோயாளிகளுக்கே நேரடியாக மெயில் போட்டு ஆளுக்கு 200 யூரோ கேட்டான், தராவிட்டால் மருத்துவரிடம் பேசியதை வெளியிடுவேன் என்று. அடுத்த ஆண்டே நிறுவனம் திவால். பாஸ்வேர்டை மாற்றலாம், மருத்துவரிடம் அழுததை எதை வைத்து மாற்றுவது?

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், நானும் ஒரு காலத்தில் அந்த ‘ஒரு ஊழியர்’. ஒரு சர்வருக்குப் பேட்ச் போட இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்க அனுமதி கேட்டேன். மாசக் கடைசி, வேண்டாம் என்றார்கள். அடுத்து, புது வெர்ஷன் ரிலீஸ் போகட்டும். அடுத்து, கஸ்டமர் டெமோ. நாலாவது முறை பதிலே இல்லை. என் கோரிக்கையைப் பதிந்த டிக்கெட் மட்டும் திறந்தே கிடந்தது.

பிறகு அந்த சர்வர் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். உள் விசாரணை அறிக்கையில் ‘மூல காரணம்’ என்ற கட்டத்தில் ‘பராமரிப்புப் பொறுப்பாளரின் தாமதம்’ என்று எழுதி, என் பெயரைப் போட்டு, கையெழுத்துக்கு அனுப்பினார்கள். கீழே கருத்துக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் கேட்ட நாலு தேதியையும், மறுத்தவர்களின் பெயரையும் அதில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் திருத்திய அறிக்கை வந்தது. அதில் கருத்துக் கட்டமே இல்லை.