கேஷ் நம் காசுதானா? பாதிக் கதைதான் உண்மை

"ஆங்கிலேயனின் கேஷ் நம் காசிலிருந்து போனது, பெருமையோடு பகிருங்கள்" என்று எங்கள் மயிலாப்பூர் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். இல்லைங்க. "கார்டு வேண்டாம், கேஷ் கொடுங்க" என்கிறோமே, அந்தக் கேஷ் லத்தீனில் பெட்டியைக் குறித்த காப்ஸாவில் தொடங்கி, இத்தாலியில் காஸ்ஸா, பிரெஞ்சில் கெஸ் என்று ஊர் சுற்றி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டிக்கும் அதுதான் பெயர், அப்புறம் உள்ளே இருக்கிற பணத்துக்கே ஆகிவிட்டது. நம் அண்ணாச்சி "இன்னிக்குக் கல்லா கட்டல" என்றால் மரப்பெட்டியைப் பற்றியா சொல்கிறார்?

சரி, புரளிக்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு, அது நம்முடையதேதான். காசு போர்ச்சுகீசியர் வாயில் காய்ஷா ஆகி, கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் கணக்கில் சின்னச் செப்புக்காசின் பெயரானது: 80 கேஷ் ஒரு பணம் (அப்போது அதுவும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு ஸ்டார் பகோடா (வெங்காயம் தேடாதீர்கள், அது வராகன் என்ற தங்க நாணயம்). நடுவில் ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் இதே பெயரால்தான் அழைத்தார்கள். பெருமையாகப் பகிரத்தான் வேண்டுமென்றால் கட்டமரான் இருக்கிறது, அது அசல் கட்டுமரம்.