டெக்கனுக்குச் சடுகுடு விதி

திருப்பூரில் போன ஞாயிற்றுக்கிழமை கபடி விதியில் நாங்கள் நடத்திய டெக்கன் 8 (இருவர் மோதுகிற சண்டை வீடியோ கேம்) போட்டியைப் பற்றி இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சண்டை ஓயவில்லை. "இதெல்லாம் ஒரு டோர்னமென்ட்டாங்ணா?" என்று கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். நன்றாக ஆடுகிறவர், ஆனால் அவர் அணி அரையிறுதிக்கு வரவில்லை. அவருக்குத் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, அதனால் இங்கேயே போடுகிறேன்.

முதலில் போன வருஷத்துக் கதை. எல்லோரும் நடத்துகிற மாதிரியே டபுள் எலிமினேஷன் வைத்தோம். 32 பேர், இரண்டு தடவை தோற்றால் வெளியே. கேட்கிறபோது ரொம்ப நியாயமாகத்தான் இருக்கும். தாளில் போட்டுப் பாருங்கள்: முதல் சுற்றில் தோற்ற 16 பேர் தங்களுக்குள் மோதி, அதில் 8 பேர் சரியாக இரண்டே மோதலோடு வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த சுற்றில் இன்னும் 8 பேர் மூன்றோடு போகிறார்கள். ஆக வந்தவர்களில் பாதிப் பேருக்கு மூன்றுக்கு மேல் கிடையாது. மீதி நாளெல்லாம் கெட்டிக்காரர்கள் ஆடுவார்கள், மற்றவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்க்கலாம்.

துணி தைக்கிற பவர்டேபிள் யூனிட் ஒன்றில் வேலை பார்க்கிற தம்பி ஒருவன் வந்திருந்தான். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளத்தில் நூறு ரூபாய் கட்டியிருந்தான். இரண்டு தடவையும் எதிரில் பெரிய கைகள். எழுந்து வந்து, "அவ்ளதானுங்களாண்ணா? நான் கிளம்பட்டுங்களா?" என்றான். அவன் கட்டின காசுக்கு ஆடியது பத்து நிமிஷம் இருக்காது. அதே நூறு ரூபாயைக் கேம் கடையில் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். சரி, தம்பி என்று நானும் தலையாட்டி அனுப்பினேன். அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் காங்கேயம் பக்கம் ஒரு ஊரில் ராத்திரிக் கபடி பார்க்கப் போயிருந்தோம். அவுட்டானவன் கோட்டுக்கு வெளியே போய் உட்காருகிறான். அவன் பக்கம் ஒரு ஆளை எடுத்ததும், முதலில் வெளியே போனவன் முதலில் உள்ளே வருகிறான். அதுவரைக்கும் அவன் சும்மாவும் இருப்பதில்லை, தொண்டை கிழியக் கத்துகிறான். சின்ன வயதிலிருந்து பார்க்கிற ஆட்டம்தான். அன்றைக்கு மட்டும் என் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, "டேய், டெக்கனை இப்படி வெச்சா என்ன?" என்று கேட்டேன்.

விதிகள் இவ்வளவுதான். அணிக்கு ஐந்து பேர். இரண்டு அணியும் மாறி மாறி ஒருவரைப் பாட, அதாவது கபடி ரெய்டு மாதிரி எதிர்ப்பக்கம் போக, அனுப்ப வேண்டும். பாடிப் போகிறவர் எதிரணி வரிசைக்கு முன்னால் நடந்து போய், யார் தோளைத் தொடுகிறாரோ அவரோடு ஒரு ஆட்டம், இரண்டு ரவுண்டு எடுத்தவர் வெற்றி. தோற்றவர் வெளியே. ஜெயித்த அணிக்கு ஒரு புள்ளி, அவர்கள் பக்கம் வெளியே இருக்கிற ஒருவர் உள்ளே. ஐந்து பேரும் வெளியே போனால் லோனா: எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளி, ஐந்து பேரும் மறுபடி உள்ளே. உள்ளே வேறு ஆள் இருக்கிறவரை ஒரே ஆள் அடுத்தடுத்து உட்காரக் கூடாது. பன்னிரண்டு நிமிஷம், இடைவேளை, மறுபடி பன்னிரண்டு நிமிஷம், இது இரண்டு அணிக்கும் ஒரு மோதல்.

எட்டு அணி, நாற்பது பேர், இரண்டு பிரிவு. எந்த அணியும் குறைந்தது மூன்று மோதல் ஆடியே ஆக வேண்டும். ஒரு மோதலில் ஏறக்குறைய பன்னிரண்டு ஆட்டம் ஓடும் என்று நினைத்தோம், அப்படியே ஓடியது. கணக்குப்படி சராசரியாக ஆளுக்கு ஏழு தடவையாவது உட்காரலாம்.

உயிரே அந்தத் தொடுகிற விதியில்தான் இருந்தது. நாங்களே அதை எதிர்பார்க்கவில்லை. பாடிப் போகிறவர் எப்போதும் இளைத்தவனாகப் பார்த்துத்தான் தொடுவார், அதனால் கற்றுக்குட்டிக்குத்தான் அதிக ஆட்டம் கிடைக்கும். அந்தப் பவர்டேபிள் தம்பியை மூன்று தடவை போன் பண்ணி இந்த வருஷமும் கூப்பிட்டிருந்தேன். மூன்று மோதலில் 13 ஆட்டம் உட்கார்ந்தான். ஜெயித்தது 4. முதல் சில ஆட்டத்தில் காலைக் குறி வைத்து அடித்தே அவனை முடித்தார்கள். நின்றபடி தடுத்தால் கீழே வருகிற அடி பிடிபடாது, குனிந்தேதான் இருப்பேன் என்றால் நடுவில் வருகிற அடி தூக்கிவிடும். டெக்கனில் பாதி ஆட்டம் இந்த ஊகம்தான். அவனை அடித்த எதிரணிப் பையனே எழுந்து போகும்போது, "காலுக்கு வர்றப்ப குனிஞ்சு புடி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் பார்க்கிறேன், கன்ட்ரோலரில் அவன் இடது கட்டை விரல் கீழ்ப்பக்கமாகச் சரியான நேரத்துக்கு இறங்குகிறது. குனிந்து தடுத்துவிட்டு எழுந்து ஒரு குத்து விட்டான் பாருங்கள், அவன் அணியில் வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள்.

இளைத்தவனைத் தொடப் போய் ஏமாந்ததும் நடந்தது. ஒரு அணியில் கட்டிங் மாஸ்டர் ஒருவர், தலை பாதி நரைத்தவர், மூக்குக் கண்ணாடி. ஆள் குறைந்ததால் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். "மாஸ்டர், நீங்களும் ஆடுவீங்களா?" என்றதற்கு, "சும்மா உக்காந்துக்கறேன் கண்ணு" என்றார். டெக்கன் 3 காலத்தில் சொந்தமாக வீடியோ கேம் கடை வைத்திருந்தவர் என்று யாருக்குத் தெரியும்? ஜாகுவார் முகமூடி போட்ட மல்யுத்தக்காரர் கிங் கேரக்டரை எடுத்தார். கிங் தன் சிறப்புப் பிடிகள் பலவற்றில் பிடித்து வீசுகிறபோது எந்தக் கை முன்னால் நீளுகிறது என்று பார்த்து அந்தக் கைப் பட்டனை அழுத்தினால்தான் விலகலாம், இரண்டு கையும் நீண்டால் இரண்டையும் அழுத்த வேண்டும். கண் பழகாதவனுக்கு அந்த நேரம் போதாது. வரிசையாக மூன்று பேர் வந்து அவர் தோளைத் தொட்டார்கள், மூன்று பேரும் வெளியே போனார்கள். நான்காவது ஆள் அவரைத் தாண்டிப் போய் வேறு தோளைத் தேடினான்.

சொதப்பலும் இருந்தது, மறைக்கவில்லை. கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட விட்டோம். ஒரு புள்ளி முன்னால் இருந்த அணி கடைசி மூன்று நிமிஷம் கேரக்டர் தேர்ந்தெடுக்கிறேன் என்று கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிக்கொண்டிருந்தது. கபடியிலேயே ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான், அதை எடுத்துக்கொள்ள எனக்குப் புத்தி வரவில்லை. அடுத்த தடவை தொட்ட நொடியிலிருந்து 30 விநாடி, தாண்டினால் எதிரணிக்குப் புள்ளி.

இன்னொரு கூத்து கன்ட்ரோலர். கன்சோலோடு இருந்த பழைய இணைப்பை நீக்காமல் பைக்குள் போட்டிருந்த யாருடைய கன்ட்ரோலரோ அழுந்தி, நல்ல ஆட்டம் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. நாற்பது பைகளில் யாருடையது என்று தேட முக்கால் மணி நேரம். அப்புறம் இரண்டாவது டிவி. வீட்டு ஹாலில் சீரியல் பார்க்க வாங்கினது, அழுத்துவது ஒரு நேரம், அடி விழுவது ஒரு நேரம். டெக்கன் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது, வேகமான குத்து பத்தாவது ஃபிரேமில் வந்து விழும், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. டிவி அதில் பாதியைத் தின்றுவிட்டால் அப்புறம் எதைப் பார்த்துத் தடுப்பது? அந்த டிவியில் ஆடித் தோற்ற எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றரைக்கு முடியும் என்று சொன்னது ஏழு மணிக்கு முடிந்தது. ரோட்டுக்கடைக் காளான் வாங்கப் போனவர்கள் காரணமில்லை என்றும் சொல்ல முடியாது.

இப்போது கோயம்புத்தூர்த் தம்பிக்கு வருகிறேன். "இருக்கறதுலயே யார் பெரிய ஆளுன்னே தெரியலைங்ணா" என்கிறார். உண்மைதான். அன்றைக்கு அங்கே இருந்ததிலேயே நன்றாக ஆடுகிறவர் அவர்தான் என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்கத்தான் ஊர்ப் போட்டி நடத்த வேண்டுமா? அது நம் எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். எனக்குக் கவலை இருபதாவது ஆள், முப்பதாவது ஆள் மேல்தான். அவர்கள் வராமல் நின்றுவிட்டால் நாளைக்கு அந்தத் தம்பி யாரோடு ஆடுவார்?

சண்டை வீடியோ கேம்களுக்கான பெரிய உலகப் போட்டியான எவோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் கலிபோர்னியாவில் 'பேட்டில் பை த பே' என்ற பெயரில் தொடங்கியபோது அது நாற்பது பேர் ஆடின ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டி. நம் மண்டபத்தில் இருந்த கூட்டம்தான். 2019இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து போன அர்ஸ்லான் ஆஷ், எவோ ஜப்பான், எவோ இரண்டிலும் டெக்கன் 7 பட்டத்தை அடித்தபோது உலகமே யார் இவர் என்று கேட்டது. அவரோ தன் நாட்டில் தனக்குச் சமமாக ஆடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றார். அப்படிச் சொல்ல ஊரில் தினமும் எதிரில் உட்கார ஆள் வேண்டும். ஒற்றை மரம் தோப்பாகாது.

பரிசு கேட்டவர்களுக்கு: பணமாகக் கொடுக்கவில்லை. காதர்பேட்டை பனியன் சந்தையில் எடுத்த சர்ப்ளஸ் டீஷர்ட், ஜெயித்த அணிக்கு ஆளுக்கு மூன்று. அதிக முறை வெளியே போய்த் திரும்பி வந்தவருக்கும் ஒன்று. அதை யார் வாங்கினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, சைஸ்தான் கொஞ்சம் பெரியதாகப் போய்விட்டது.

பொங்கல் முடிந்து அடுத்தது. ஒருவருக்கு ஒருவர் ஆடியே தீர வேண்டும் என்கிறவர்களுக்காக அன்றைக்குக் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை தனியாக வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மூன்றாவது டிவி வேண்டும். தம்பி, அதை நீங்களே கொண்டு வந்துவிடுங்கள். தாமதத்தைக் குறைக்கிற கேம் மோட் அதில் இருக்கிறதா என்று மட்டும் வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்க.