திரை கறுப்பாக இருந்தால் மதர்போர்டு போச்சு என்று அர்த்தமில்லை

புதிதாகக் கட்டிய கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றியும் ஒரு நிமிடத்துக்குள் திரையில் எதுவும் வரவில்லை என்றால் மதர்போர்டு பழுது, உடனே திருப்பிக் கொடுங்கள் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் (மெமரி) போட்ட கணினிக்கு இது பொருந்தாது.

முதல்முறை ஆன் செய்யும்போது மதர்போர்டு ரேமோடு ஒத்துப்போகும் வேகத்தையும் நேர அளவுகளையும் சோதித்துப் பார்த்துப் பதிந்துகொள்ளும். மெமரி ட்ரெயினிங் என்பது இதுதான். அது முடியும்வரை திரை கறுப்பாகவே இருக்கும். இரண்டு 16 ஜிபி ரேமுக்கே ஓரிரு நிமிடம் ஆகலாம். நான்கு 32 ஜிபி என்றால் இன்னும் பல நிமிடங்கள். பதறிப்போய் நடுவில் பவரை அணைத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. சிமாஸை க்ளியர் செய்தாலும், அதாவது போர்டில் பதிந்த அமைப்புகளை அழித்தாலும், அப்படித்தான்.

நீங்களே சரிபார்க்கலாம். போர்டின் ஓரத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் பல மாடல்களில் இருக்கும். ரேமுக்கான டிரேம் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் கை வைக்காமல் 15 நிமிடம் விடுங்கள். திரை வந்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து நேரம் பாருங்கள். இரண்டாவது தடவை வெகு சீக்கிரம் வந்தால் முதலில் நடந்தது ட்ரெயினிங்தான்.

15 நிமிடம் கழித்தும் அதே விளக்கு என்றால், அப்புறம் ஒரே ஒரு ரேமை மட்டும் ஏ2 என்ற ரேம் ஸ்லாட்டில் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்திப் போட்டுப் பாருங்கள். திருப்பிக் கொடுப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.