ஸ்டியரிங் நடுக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது அலைன்மென்ட் இல்லை

அண்ணாச்சி, பழைய எஸ்யூவியில் ஸ்டியரிங் நடுங்கினால் "அலைன்மென்ட் பார்த்தால் போதும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அலைன்மென்ட் என்பது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. அது வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும், டயர் ஓரம் மட்டும் தேய்வதற்கும் பார்க்கிற வேலை. கங்கைகொண்டான் பக்கம் நாலுவழிச் சாலையில் 80, 90 தொட்டதும் நடுங்கி, வேகத்தைக் குறைத்தால் அடங்குகிறது என்றால் முதலில் வீல் பேலன்சிங்தான், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது. கூடவே ரிம் வளைந்திருக்கிறதா, டயர் புடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் சந்தேகம் பிரேக் டிஸ்க் மேல், அதாவது பிரேக் பிடிக்கிற வட்டத்தகடு.

அப்புறம், செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். லொடலொடவென்றால் பெரும்பாலும் டை ராட் எண்ட், அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற கம்பியின் முனை. மேலும் கீழுமாக ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு பிடித்திருக்கிற மூட்டு) அல்லது வீல் பேரிங் (சக்கரம் சுழல உதவுகிற பாகம்). இதையெல்லாம் மாற்றாமல் அலைன்மென்ட் வைத்தால் நிற்காது, காசுதான் தண்டம். மாற்றிய பிறகு கட்டாயம் வைக்க வேண்டும், அதில் நீங்கள் சொன்னது சரி. அதுவரை காரையாறு மலைப்பாதைக்கு மட்டும் வண்டியை எடுக்காதீர்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும்.