புதுக் கயாக்கும் வெறுமனே சுழலும் கைப்பிடியும்

ஆறு மாதம் பணம் சேர்த்து வாங்கினேன், காலால் மிதித்து ஓட்டும் கயாக் என்ற ஒடுக்கமான சிறு படகு. முதல் நாளே முட்டுக்காடு கழிமுகத்தில் நடுத்தண்ணீரில் தவிக்க விட்டுவிட்டது. இடப்பக்கக் கைப்பிடியைத் திருப்புகிறேன், அது பாட்டுக்குச் சுழல்கிறது. பின்னால், படகைத் திருப்பும் சுக்கான் அசையவே இல்லை. நண்பகலில் கிளம்பும் கடற்காற்று வேறு முகப்பைப் பிடித்துத் தள்ளுகிறது. துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டுக் கரை சேர்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். கைப்பிடியைத் தண்டோடு பிடித்து நிறுத்துவது பொட்டுக்கடலை அளவுள்ள ஒரே ஒரு திருகு. அதன் தலைக்குழி மழுங்கியிருந்ததால் அதைத் திருகும் ஆலன் கீ (அறுகோணச் சாவி) வழுக்கிக்கொண்டே இருந்தது. அதோடு, சுக்கானை இழுக்கும் இரண்டு கம்பிகளில் ஒன்று தொய்ந்து கிடந்தது. இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருந்தால்தானே படகு நேராகப் போகும்? கட்டி அனுப்பும் முன் யாராவது ஒருவர் கைப்பிடியை ஒருமுறை திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா!

உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆகுமாம். எத்தனை முறை கேட்டாலும் கடைக்காரரிடம் அதே பதில். சாதாரண இரும்பு உப்புத் தண்ணீரில் துருவேறிவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகில் 4 மில்லிமீட்டர் போல்ட் வாங்கினேன். தண்டின் குறுக்கே துளையிட்டு, அதிர்வில் கழலாத நைலான் லாக் நட் போட்டு இறுக்கினேன். கம்பியையும் இழுத்துக் கட்டினேன். இப்போது சுக்கான் சொன்னபடி கேட்கிறது.

நேற்று கடையிலிருந்து அழைத்தார்கள். "நீங்களே துளை போட்டுவிட்டீர்களே சார், இனி வாரண்டி கிடையாது" என்கிறார்கள். வயிறு எரிகிறது.