செம்பவாங் சங்கு

சிங்கப்பூர் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்து வாழ்க்கை பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதில் அதிகாரிகளின் கறுப்பு வெள்ளை பங்களாக்கள்தான் நிறைய. தொழிலாளர் குடியிருப்புப் பக்கமும் எட்டிப் பார்த்திருக்கலாம்.

அப்பா மேலூர்க்காரர். 1938இல் அங்கே திறந்த பெரிய உலர்துறையில் (கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்துப் பழுது பார்க்கும் இடம்) கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார், பெயிண்ட் அடிப்பார். வேலை விடும் சங்கு ஊதியதும் கேட்டில் திரளும் சைக்கிள் கூட்டம், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகைக் கரை மாதிரி இருக்கும். மிகைதான், எட்டு வயதுக்கு அப்படித்தான் தெரிந்தது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி வேறு.

1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியது. அதற்கு முன்பே அப்பாவுக்கு வேலை போய்விட்டது. ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினோம். மேலூர்ப் பள்ளியில் எனக்குப் பெயரே 'சிங்கப்பூரான்'. அப்பாதான் பாவம், ரொம்ப நாள் சாயங்காலம் ஆனால் சங்குக்குக் காது கொடுத்தபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.